‘வருவாய் இல்லாத தடம்’ என்ற பதிலைத் தாண்டி மூன்று கிலோமீட்டர்

“மேற்படி தடத்தில் போதிய வருவாய் இல்லாததால் பேருந்து இயக்க தற்போது சாத்தியக்கூறு இல்லை எனத் தெரிவிக்கலாகிறது.” புறநகரில் பேருந்து கேட்டு மனுப் போட்ட எவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். எங்கள் மாநகராட்சி எல்லையில் நகரப் பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டருக்கு வீடுகள் வந்துவிட்டன, பேருந்து வரவில்லை. அங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கங்கள் தனித்தனியாக மனுக் கொடுத்தன. எல்லாருக்கும் வந்தது ஒரே பதில், தேதிதான் வேறு.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும், அரசின் உதவி எண் 1100-க்குப் பேசினாலும், ‘முதல்வரின் முகவரி’ குறைதீர் பிரிவில் பதிந்தாலும் மனு கடைசியில் இறங்குவது போக்குவரத்துக் கழகத்தின் எந்தக் கிளையை (டெப்போவை) பற்றிக் கேட்கிறோமோ அந்தக் கிளையின் மேசையில்தான். அங்கே எழுதும் ஒற்றை வரிக் குறிப்பே பல கையெழுத்துகளுடன் மேலே போய் நமக்குத் திரும்பி வருகிறது. ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தெருவே திரண்டு போய்க் கொடுத்தாலும் ஒரே மனுவாகக் கட்டி ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். அதனால் கூட்டமைப்பு என்று ஒன்று அமைந்ததும் முதல் விதி இதுதான்: ஒவ்வொரு தரப்பும் தன் லெட்டர்பேடில், தன் கணக்கோடு எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எத்தனை பேர், எங்கிருந்து எங்கே, இப்போது எதில் போகிறார்கள். “பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள்” என்ற வரிக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

யாரைச் சேர்ப்பது என்பதில் நிறைய ஏமாற்றம். கல்லூரி நிர்வாகம் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடும் என்று எதிர்பார்த்தால் அதுதான் கடைசிவரை இழுத்தடித்தது. காரணம் எளிது, அவர்களுக்குச் சொந்தப் பேருந்து ஓடுகிறது, அதற்குக் கட்டணமும் வருகிறது. பெற்றோர் வழியாகத்தான் மாணவர் கணக்கு கிடைத்தது. பின்னலாடைப் பட்டறைகள் நேர்மாறு. ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் வேனுக்கு மாதாமாதம் கொடுக்கும் வாடகையை நினைவுபடுத்தியதும் ஷிஃப்ட் நேரங்களை டைப் செய்து முத்திரையோடு தந்தார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடிதங்கள்தான் எல்லாவற்றிலும் கனமானவை, விடிகாலைச் சந்தைக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். ஷேர் ஆட்டோக்காரர்களை எதிரியாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பேருந்து நுழையாத உள்தெருக்களுக்கு ஆட்டோ, பிரதான சாலைக்குப் பேருந்து என்று முதலிலேயே பேசிவைத்தால் பின்னால் மறியல் வராது.

கவுன்சிலர்கள் இருவர், இரு வேறு கட்சி. மனுவை இருவரிடமும் ஒரே நாளில், கொடியும் துண்டும் இல்லாமல் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாள் முந்தினாலும் மற்றவர் மாமன்றத்தில் வாய் திறக்க மாட்டார்.

உண்மையான திருப்பம் ஆர்.டி.ஐ.யில், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போட்ட மனுவில் வந்தது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஆனால் “ஏன் பேருந்து இல்லை?” என்று கேட்டால் ஒன்றும் வராது. பொதுத் தகவல் அலுவலர் விளக்கம் தரக் கடமைப்பட்டவர் அல்லர், கையிலிருக்கும் பதிவைத் தந்தால் போதும். எனவே பதிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இந்தத் தடத்தில் இந்த மாதத்தில் நாள்வாரியாகத் திட்டமிட்ட சிங்கிள்கள் (ஒருவழி நடைகள்) எத்தனை, இயக்கியவை எத்தனை, கட் ஆனவை (ரத்தானவை) எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் எழுதிய காரணம் என்ன, கிலோமீட்டருக்கு வசூல் எவ்வளவு. ‘வணிக ரகசியம்’ என்று மறுத்தால் அசராதீர்கள். பதில் வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 30 நாள் கடந்தும் பதிலே வராவிட்டாலும் அதையே செய்யலாம். அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எங்களுக்கு முதல் மேல்முறையீட்டிலேயே தாள்கள் வந்தன.

வந்த தாள்களைப் பார்த்ததும் கோரிக்கையே மாறிப்போனது. மாலைச் சிங்கிள்கள் பட்டியலில் இருக்கின்றன, ரோட்டில் இல்லை. காரணப் பத்தியில் வரிசையாக “பணியாளர் இன்மை”, “பணியாளர் இன்மை”, கீழே மேற்படி, மேற்படி. அதாவது கேட்க வேண்டியது புதுப் பேருந்து அல்ல. இருக்கிற ஷெட்யூலில் கட் ஆகும் சிங்கிளைத் திரும்ப ஓட்டுவதும், அதையே மூன்று கிலோமீட்டர் நீட்டுவதும்தான். புதுப் பேருந்து கேட்டால் வண்டி, ஓட்டுநர், நடத்துநர் என்று கோப்பு தலைமையகத்துக்கும் அங்கிருந்து தலைமைச் செயலகத்துக்கும் போகும். நீட்டிப்பு மாவட்ட அளவில் முடியக்கூடிய வேலை.

வசூல் குறைவு என்ற வாதத்துக்கும் பதில் அதே தாள்களில் கிடைத்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தத் தொகையை அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. அவர்கள் பயணித்ததற்குச் சாட்சி கட்டணமில்லாச் சீட்டு மட்டுமே. கூட்ட நெரிசலில் நடத்துநர் அதைக் கிழித்துக் கொடுக்காவிட்டால், வண்டி படிக்கட்டு வரை நிரம்பியிருந்தாலும் கணக்கில் காலி. சுயஉதவிக் குழுக்கள் வழியாக “சீட்டுக் கேட்டு வாங்குங்கள்” என்று சொல்லிவைத்தோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, தீர்மானத்தில் ‘சாதாரணக் கட்டணப் பேருந்து’ என்று எழுத மறக்காதீர்கள். வெறுமனே ‘பேருந்து’ என்று எழுதினால் கூடுதல் கட்டண வண்டி வந்து நிற்கும், அதில் பெண்களுக்கு இலவசம் கிடையாது.

அடுத்தது பணம். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டும் கட்டுமானம் போன்ற நிலையான சொத்துக்கு. டீசலுக்கும் சம்பளத்துக்கும் அதிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது. அதனால்தான் ஊர் ஊராகப் பேருந்து வராத நிழற்குடைகள், நெற்றியில் பெரிய எழுத்தில் பெயரோடு நிற்கின்றன. எங்களுக்கும் முதலில் நீட்டப்பட்டது நிழற்குடைதான், சங்கங்களில் பாதி அதற்கே மாலை வாங்கக் கிளம்பிவிட்டன. ‘முதல் சிங்கிள் ஓடிய பிறகே நிழற்குடை’ என்று கூட்டமைப்பின் தீர்மானத்திலேயே எழுதிவைத்ததால் தப்பித்தோம். அந்த நிதியைப் பேருந்து திரும்பும் தளத்துக்குக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அது கிடைக்காவிட்டால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட வேண்டும். எங்கள் பங்கில் பெரும்பகுதியைப் போட்டவர் மனை விற்பவர். நிறுத்தத்துக்குத் தன் மனைப்பிரிவின் பெயரை வைக்கச் சொன்னார். வைத்தால் என்ன குறைந்துவிடும்?

திரும்பும் இடம்தான் எல்லாவற்றையும் விட மோசமான கட்டம். முழு நீளப் பேருந்து ஒரே வளைவில் திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் அகலம் வேண்டும். அது இல்லாமல் ரிவர்ஸ் எடுக்கிற இடத்துக்குக் கிளை மேலாளர் சம்மதிக்க மாட்டார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. சென்னையில் வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் 5 கிலோமீட்டரும் நடுவில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் நின்றது தெரிந்ததுதானே. நாங்கள் காட்டிய இடம் புறம்போக்கு. அ-பதிவேடு (நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) இரண்டின் இணைய நகலையும் இணைத்திருந்தோம். எழுத்தர் பக்கத்தைப் புரட்டி, பென்சிலால் சர்வே எண்ணில் ஒரு கோடு போட்டு, “இதில் வி.ஏ.ஓ. கையெழுத்து இல்லையே” என்று திருப்பிக் கொடுத்தார். கையெழுத்தோடு போனால், சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, இங்கே எதற்கு வந்தீர்கள் என்கிறார்கள். அங்கே போனால், இருநூறு மீட்டருக்குப் பிறகு மாநகராட்சியுடையது என்கிறார்கள். சென்னையில் போக்குவரத்து தொடர்பான எல்லாத் துறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்க 2010-ல் சட்டம் போட்டுத் தனி ஆணையமே அமைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த மேசை நம் பைக்தான்.

முடிச்சு அவிழ்ந்தது ‘கூட்டுப் புலத்தணிக்கை’ என்ற சொல்லால். ஆட்சியருக்குத் தரும் மனுவில் இந்தச் சொல்லையே போட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலர், போக்குவரத்துக் கழகம், நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, வருவாய்த் துறை ஐவரையும் ஒரே நாளில் இடத்துக்கு வரச் செய்யக் கேளுங்கள். வருவதற்கு முன் தடம் முழுவதும் நடந்து மூன்றைச் சரிபாருங்கள்: தாழ்வாகத் தொங்கும் கேபிள் டி.வி. ஒயர், சாலைக்குள் நீளும் மரக்கிளை, ஆளாளுக்குப் போட்டுக்கொண்ட உயரமான வேகத்தடை. ஆய்வறிக்கையில் இவற்றில் ஒன்று ஏறினாலும் கோப்பு மறுபடி முதலிலிருந்து. வேகத்தடையைச் சீவ அதைப் போட்ட தெருக்காரர்களே சம்மதிக்க வேண்டியிருந்தது. அது தனிப் பஞ்சாயத்து.

நடுவில் கூட்டமைப்பு உடையப் பார்த்தது சிற்றுந்தால்: பேருந்துக்குப் பதில் சிற்றுந்தே (மினி பஸ்) கேட்போம் என்று ஒரு சாரார் கிளம்பினார்கள். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய சிற்றுந்துத் திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 65 சதவீதம் பேருந்து வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். எங்கள் மூன்று கிலோமீட்டரை டவுன் வரை இழுத்தால் இந்த விகிதம் வராது. கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான் சிற்றுந்துக் கட்சி அடங்கியது. உங்கள் பகுதியில் விகிதம் பொருந்தினால் தாராளமாக அந்த வழியில் போங்கள், அது இன்னும் சுருக்கம்.

இப்போது காலைச் சிங்கிள்கள் ஒழுங்காக வருகின்றன. மாலையில் கடைசிச் சிங்கிள் மட்டும் வார இறுதியில் விட்டுப்போகிறது. வாட்ஸ்அப் குழுவில் நிறுத்தத்துக்கு ஒருவர் என்று தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், வண்டி எண் நான்கையும் பதிகிறார்கள். மாதம் முடிந்ததும் அதை ஒரே தாளாக்கிக் கிளை மேலாளருக்கும் இரண்டு கவுன்சிலர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். சென்ற மாதத் தாளை இணைத்து அடுத்த ஆர்.டி.ஐ. போயிருக்கிறது. இந்த முறை கேட்டிருப்பது சனி, ஞாயிறுக்கான பணி ஒதுக்கீட்டுப் பதிவேட்டின் நகல்.