பகல் 11.30 மணி அளவு

“ஆக்சிஜன் எப்படிம்மா இருக்கு?” என்று குளத்தில் மீன் வளர்க்கும் பெரியவர் கேட்டார். “நல்லா இருக்குங்கய்யா, 13 காட்டுது” என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டரின் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சொன்னது. மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் மீட்டரைக் கையில் எடுத்தால் முதலில் அந்தப் பதில்தான் காதில் விழுகிறது.

மீட்டரில் கோளாறு இல்லை. அன்று காலைதான் அளவுதிருத்தம் செய்திருந்தேன். லிட்டருக்கு 13 மில்லிகிராம் என்று அது காட்டியது உண்மை. ஆனால் தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி. அந்த வெப்பத்தில் நன்னீர் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம்தான். மிச்சம் எங்கிருந்து வந்தது? தண்ணீருக்குள் கோடிக்கணக்கில் மிதந்த பாசி, உச்சி வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து தள்ளியது. அதே பாசி இரவானால் ஆக்சிஜனை உள்ளே இழுக்கும். பகலில் எண் எவ்வளவு மேலே போகிறதோ, விடியற்காலையில் அவ்வளவு கீழே இறங்கலாம். தண்ணீரின் காரத்தன்மையைச் சொல்லும் பி.எச். 9-ஐத் தாண்டியிருந்தது, அதுவும் பாசி கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்ப்பதன் அடையாளம். படிக்கும்போது தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம் இது. கரையில் நின்றபோது 13 என்ற எண் எனக்கு நல்ல எண்ணாகத்தான் தெரிந்தது. குறைந்தால்தானே கவலை என்று மனசு பழகிப் போயிருந்தது.

லேபுக்கு வந்து, குளத்துத் தண்ணீர் பிடித்த இரண்டு பாட்டில்களை மேசையில் வைத்தேன். ஒன்றில் பாசி கெடாமல் இருக்க லுகால் என்ற அயோடின் கரைசல் விட்டிருந்தேன், நீர்த்த டீயின் நிறத்தில் இருந்தது. மற்றது உயிரோடு பார்ப்பதற்கு. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த இரண்டாவது பாட்டிலின் கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்குப் பச்சை வளையம். கீழே தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்திருந்தது. மற்ற மிதவை உயிரிகள் பெரும்பாலும் மெல்ல அடியில் படியும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி மட்டும் தன் செல்லுக்குள் இருக்கும் வாயுக் குமிழ்களால் மேலே ஏறி வந்து நிற்கும். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒழுங்கில்லாத திரள்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வழுவழுப்பான உறைக்குள் ஆயிரம் புள்ளிகள். டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு ஒரே ஒன்று அகப்பட்டது. கண்ணாடி போன்ற உடம்புக்குள் இதயம் துடிப்பது தெரிந்தது. வடிகட்டித் தின்னும் அதன் கால்களில் அந்தத் திரள் ஒட்டிக்கொண்டு நின்றது. பாசியைத் தின்று குறைக்க வேண்டிய உயிரே அதில் சிக்கிக் கிடந்தது.

அப்போது மணி மூன்றரை. அவர் எண் என் போனில் இருந்தது.

கூப்பிடவில்லை. ஏன் என்று பல தடவை எனக்கே விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டேன். முடிவு எதுவானாலும் கையெழுத்தாகி, அறிக்கையாகத்தான் வெளியே போக வேண்டும் என்பது விதி. அந்த விதி தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அரைகுறையாகப் பார்த்ததை ஆளாளுக்குப் போனில் சொல்ல ஆரம்பித்தால் லேபின் சொல்லுக்கு மதிப்பிருக்காது. அதோடு, பால்மர் குறியீட்டையும் போட்டுப் பார்த்தேன். 1969-ல் வந்த முறை, எங்கள் வேலையில் எல்லோரும் போடுவதுதான். எந்தெந்தப் பாசி இனம் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும். 20-ம் அதற்கு மேலும் வந்தால் கரிமக் கழிவு அதிகம் என்று பொருள். எனக்கு வந்தது 9. செனெடெஸ்மஸுக்கு 4, நாவிகுலாவுக்கு 3, மெலோசிராவுக்கு 1. பாட்டிலையே மூடிக்கொண்டு நின்ற மைக்ரோசிஸ்டிஸுக்கும் 1.

அந்தக் குறியீட்டின் குற்றமும் அல்ல. அது சாக்கடைக் கழிவைக் கண்டுபிடிக்கச் செய்தது, ஒரே இனம் பெருகிக் குளத்தை மூடுவதை அளக்கச் செய்ததல்ல. ஆனால் அந்த 9-ஐப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கண் ஒன்றைப் பார்த்தது, கை வேறொன்றை எழுதியது. எழுதியதன் பக்கம் போய் நின்றுகொண்டேன். சாயங்காலம் மேகம் கூடியது. ஜன்னல் வழியாக அதையும் பார்த்தேன். வெளிச்சம் சீக்கிரமே மங்கினால் பாசியின் ஆக்சிஜனும் சீக்கிரமே நிற்கும் என்பதும் தெரியும்.

மறுநாள் காலை அவர்தான் கூப்பிட்டார். “நாலு மணிக்கு மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துச்சும்மா. ராத்திரி மோட்டாரைப் போட்டுத் தண்ணியை அடிச்சுவிடலாமான்னு ஒரு யோசனை இருந்துச்சு. நீ நல்லா இருக்குன்னு சொன்னியேன்னு படுத்துட்டேன்.” குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், வைத்துவிட்டார்.

மோட்டார் போட்டிருந்தால் எவ்வளவு மீன் பிழைத்திருக்கும்? பாதியா, கால்வாசியா, யாருக்குத் தெரியும். அந்தக் குளத்துக்கு வருடக்கணக்காக உரம் கரைந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பாஸ்பரஸ் சேரச் சேர இப்படி ஒருநாள் வரத்தான் செய்யும். அந்த ஒரு இரவை மட்டும் என் தலையில் ஏற்றிக்கொள்வது நியாயமா என்று யோசிப்பேன். சரி, நியாயமில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அவர் படுக்கப் போனது பாஸ்பரஸை நம்பியல்ல, என் சொல்லை நம்பி.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் இதே மைக்ரோசிஸ்டிஸின் நச்சு குடிநீரில் வந்துவிட்டது. ஈரி ஏரித் தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதைத் தாண்டியது தெரிந்ததும் விடியும்வரை காத்திருக்காமல், நள்ளிரவு தாண்டிய நேரத்திலேயே குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள். அந்த நச்சு கொதித்தால் அழியாது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அந்த நேரத்தில் எழுப்பியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு மூன்றரை மணிதான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்குக் கையில் ஒரு எண் இருந்தது, எனக்கு ஒரு பச்சை வளையம் மட்டும்தான் என்று சொல்லிக்கொள்வேன். வளையம் போதாதா என்று உடனே தோன்றும்.

போன வருடம் வேறொரு குளம். அதே மாதிரி வளையம், பகல் அளவு 12. இந்தத் தடவை அன்றே போன் போட்டேன். “இன்னைக்கு ராத்திரி கவனமா இருங்க தம்பி, ஆக்சிஜன் இறங்கலாம்” என்றேன். அந்தப் பையன் பயந்துபோய், வளராத மீன்களை அன்று மாலையே பிடித்து, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டான். இரவு நல்ல காற்று அடித்தது. விடியற்காலை நானே போய் அளந்தேன், 5 இருந்தது. ஒன்றும் ஆகியிருக்காது. அவன் அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

ஆக, சொல்லாமல் ஒருவருக்கு நஷ்டம், சொல்லி ஒருவருக்கு நஷ்டம். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டபோது, “நல்லா இருக்குன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதே, எத்தனை மணிக்கு எடுத்த அளவுன்னு சேர்த்துச் சொல்லு” என்றேன். சொல்லும்போதே அது என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலாகப் பட்டது. மணியைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் பெரியவருக்கு என்ன புரிந்திருக்கும்? “பகல் 11.30-க்கு 13” என்றாலும் அவர் படுக்கத்தான் போயிருப்பார்.

மாதம் ஒருமுறை அவர் குளத்துக்கு இன்னும் போகிறேன். கரைக்கு வருவார், ஆக்சிஜன் பற்றிக் கேட்பதில்லை. நான் மீட்டரை இறக்கிக்கொண்டிருக்கும்போது குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். பிறகு விரல்களை விரித்து மெதுவாக ஒழுக விடுவார்.