காட்பாடி வீட்டுக் கடல்மீன் தொட்டி: நைட்ரேட் நாட்குறிப்பு

ஏப்ரல் 7, 2024 – ஞாயிறு

நைட்ரேட் சோதனைக் குழாய் அடர் சிவப்பாக நிற்கிறது. நிற அட்டையில் 40, 80 (பிபிஎம், அதாவது லிட்டருக்கு மில்லிகிராம்) இரண்டுமே சிவப்புதான், கண்ணால் பிரிக்க முடியவில்லை. தொட்டி 75 லிட்டர். மணலும் பாறையும் போக 60 லிட்டர் தண்ணீர் இருக்கும். உள்ளே பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு க்ளவுன் மீன், ஒரு இறால். பவளம் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைக்கக் கூடாது, எனக்கும் அதில் முழு உடன்பாடு. மீன்கள் தெம்பாகச் சுற்றுகின்றன. இறால்தான் பாறை இடுக்கை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 9

பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்தேன். ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு மூன்று பங்கு அதைக் கலந்து மறுபடி சோதித்தேன். இந்தச் சோதனைக் கிட்டில் இரண்டாவது பாட்டில்தான் முக்கியம். அதில் மருந்து அடியில் படிந்துவிடும். அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்காவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால் ஆரஞ்சு, அதாவது 20. நான்கால் பெருக்கினால் 80.

தீனி அதிகம் என்கிறான் தம்பி. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைதான் போடுகிறேன். இருந்தாலும் அவன் சொல்வதைத் தள்ள முடியாது. தீனியும் கழிவும் அம்மோனியாவாகி, பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாக நிற்கும். சிறிய தொட்டியில் அது தானாக வெளியேற வழி இல்லை. ஃபில்டர் பஞ்சை எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போட்டேன். குழாய்த் தண்ணீரில் அலசினால் பாக்டீரியா செத்துவிடும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு, வீட்டில் விருந்தாளிகள். அவர்கள் போனதும் பாதித் தண்ணீரை மாற்றினேன். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து இரவெல்லாம் பம்ப் ஓடவிட்டு, அடர்த்தி 1.025 பார்த்துத்தான் ஊற்றினேன். 80இல் பாதி 40 ஆகியிருக்க வேண்டும். 50 காட்டுகிறது.

ஏப்ரல் 15

அந்த உபரி 10 இரவு முழுக்க மனசை அரித்தது. காலையில் எல்லாத் தண்ணீரையும் வரிசையாகக் குழாயில் பிடித்தேன். டிஸ்டில்டு வாட்டர் பளிச்சென்று மஞ்சள், பூஜ்யம். சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் ஆரஞ்சு, 20. எண்பதும் இருபதும் சேர்ந்து பாதியானால் ஐம்பது. கணக்கு பொருந்திவிட்டது!

இன்னொன்றும் விளங்கியது. வேலூர் வெயிலுக்குத் தொட்டி மேல் ஃபேன் ஓடாமல் மீன் தாங்காது. ஃபேன் காற்றில் தினமும் ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது. போவது வெறும் நீர், நைட்ரேட் உள்ளேயே தங்கும். குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் ஒன்றரை லிட்டரில் 30 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிறது. 60 லிட்டருக்கு நாளொன்றுக்கு அரை பிபிஎம், மாதத்துக்கு 15. ஒரு பருக்கை தீனி போடாவிட்டாலும் ஏறும்.

ஏப்ரல் 19

தேர்தல் நாள். ஆர்.ஓ. மெக்கானிக் சாயந்திரம் விரலில் மையோடு வந்தார். மூடியைக் கழற்றி, பின்னால் இருந்த சின்னத் திருகைக் காட்டினார். "இது டிடிஎஸ் திருகு சார். ருசிக்காக போர் தண்ணியைக் கொஞ்சம் கலக்கும். எல்லா வீட்லயும் தொறந்துதான் வெச்சிருப்போம்." மெம்ப்ரேனில் வடிகட்டாத தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1200, கலந்து வருவது 260. மூடச் சொன்னேன், 60க்கு இறங்கியது.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புனு இருக்குடா" என்றார். திருகை மறுபடி திறந்துவிட்டு, கலக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு T வடிவ இணைப்பு போட்டு, தொட்டிக்கென்று தனிக்குழாய் எடுக்கச் சொன்னேன். அந்தக் குழாயில் நைட்ரேட் 5.

ஏப்ரல் 20

போர் தண்ணீரையும் சோதித்தேன். ஏறக்குறைய 80. குடிநீருக்கு இந்தியத் தர வரம்பு 45. மீன் கிட்டை வைத்துக் குடிநீரைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா இதே மாதிரி போர் தண்ணீரைக் காய்ச்சித்தான் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கிறார். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஓட்டத்தையே அது கெடுக்கும். மீன் விஷயம் இரண்டாம்பட்சம் என்று உடனே போய்ச் சொன்னேன். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுப்பதாகச் சொன்னார். அதுவரை கேன் தண்ணீர்.

ஏப்ரல் 21

தனிக்குழாய்த் தண்ணீரில் பாதி மாற்றினேன். 30க்குப் பக்கம்.

மே 1

இன்னொரு பாதி. 20க்குக் கொஞ்சம் கீழே. கண்ணாடியில் பாசி இன்னும் வருகிறது, ஆனால் முன்போல் துடைத்த மறுநாளே மூடுவதில்லை.

மே 8

கத்திரி தொடங்கிவிட்டது, ஃபேன் இரவும் பகலும் ஓடுகிறது, தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அளவு அதே 20தான், ஏறவே இல்லை. இறால் சட்டை உரித்திருக்கிறது. இனி வாரம் பத்து லிட்டர் மாற்றினால் போதும். அடுத்த வாரம் தம்பி வீட்டு ஆர்.ஓ. தண்ணீரையும் சோதித்துப் பார்க்க வேண்டும், அவனும் தொட்டி வைக்கப் போகிறானாம்.