செயலாளர் காலமான பிறகு எங்கள் குழந்தைகள் இல்லத்தின் வங்கிக் கணக்கு

சங்கமாகப் பதிவு செய்து குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் வங்கியில் உங்கள் கணக்குக்கு யார் யார் மாதிரிக் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

எங்கள் கணக்கில் செயலாளர் கண்டிப்பாகக் கையெழுத்துப் போட வேண்டும், கூடவே தலைவரோ பொருளாளரோ ஒருவர் போட வேண்டும். 2025 ஜனவரியில் செயலாளர் மாரடைப்பில் போய்விட்டார். இருபத்தைந்து வருடமாக இல்லத்தைத் தோளில் சுமந்தவர். ஒரு பைசா தொட்டார் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். வங்கிப் பதிவில் இருந்த பொருளாளரோ மகள் வீட்டோடு பெங்களூரு போய்விட்டவர். அவருக்குப் பதிலாக என்னைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போட்டிருந்தார்கள், ஆனால் வங்கிக்கு யாரும் சொல்லவில்லை. ஆக, மூன்று கையெழுத்தில் மிச்சம் இருந்தது எண்பது தாண்டிய தலைவருடையது மட்டும். கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

மேலாளர் நல்ல மனிதர். வருத்தம் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். இறப்புச் சான்றிதழ், புதிய செயற்குழுத் தீர்மானம், எல்லோருடைய ஆதார், பான் என்று நான் நீட்டிய கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மாவட்டப் பதிவாளர் சான்று போட்ட செயற்குழுப் பட்டியல் எங்கே சார்? அது இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவுக்காவது ஒரு காசோலையைப் பாஸ் பண்ணுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். பண்ணினால் அவர் வேலை போகும். கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரிதான்.

பதிவாளர் அலுவலகத்தில் செக்ஷன் எழுத்தர் எங்கள் ஃபைலைத் தேடி எடுக்கவே ஒரு முழு நாள் ஆனது. தூசி தட்டித் திறந்தவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்: “கடைசியா எப்ப சார் ரிட்டர்ன் போட்டிருக்கீங்க?” 2017-க்குப் பிறகு ஒரு காகிதம்கூட அந்த ஃபைலுக்குள் போகவில்லை. அவர்கள் கணக்குப்படி எங்கள் செயற்குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே காலமானவர்கள். என் பெயரே கிடையாது. “அப்ப நீங்க யாரு சார்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

இங்கேதான் பல இல்லங்கள் மாட்டுகின்றன என்று நினைக்கிறேன். வருடா வருடம் ஆடிட்டர் கணக்கைத் தணிக்கை செய்கிறார், வருமான வரித் துறைக்கு ஐடிஆர்-7 படிவம் போகிறது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 தனிக் கதை. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்டித் தணிக்கை செய்த கணக்கை வைத்து, அதைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். செயற்குழுவில் ஒருவர் மாறினாலும் மூன்று மாதத்துக்குள் படிவம் 7 போட வேண்டும். ஆடிட்டரிடம் கேட்டால், “அது எங்க வேலை இல்ல சார், நீங்க சொல்லவும் இல்லை” என்றார். செயலாளர் ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறார், ஆடிட்டர் செயலாளர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்திருக்கிறார். எட்டு வருடம் இப்படியே ஓடியிருக்கிறது.

விட்டுப்போன எல்லா வருடத்துக்கும் கணக்கு, உறுப்பினர் பட்டியல், பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பு, தாமதக் கட்டணம், அதோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. மனு மேலிடம் போய் உத்தரவாகித் திரும்பினால்தான் இங்கே ஃபைல் நகரும். கணக்கு ஆடிட்டரிடம் இருந்தது. மினிட்ஸ் புத்தகம் இல்லத்து அலமாரியில் பாதிதான் இருந்தது, மீதி வருடங்களைக் காணோம்.

அலுவலகத்துக்கு வெளியே டைப் அடித்துக் கொடுக்கும் அண்ணன் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் பிரச்சினையைப் புரிந்துகொண்டார். “நாலு கலர் பேனா இருந்தா ஒரே நாள்ல எட்டு வருஷத்தையும் எழுதிடலாம் சார். எல்லாரும் அப்படித்தான்.” இறந்தவர் கையெழுத்தை யார் போடுவது என்று கேட்டேன். அதற்கும் ஆள் இருக்கிறதாம். தயவுசெய்து இந்தப் பக்கம் போகாதீர்கள். பிள்ளைகளை வைத்து நடத்துகிற இடம். நாளைக்கு யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டால், முதலில் கேட்கப்படுவது மினிட்ஸ் புத்தகம்தான்.

காப்பாற்றியது செயலாளரின் மகன். அப்பா வீட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் இரண்டு நீளவாட்டு நோட்டுகள் இருக்கின்றன என்று கொண்டுவந்து கொடுத்தார். மனிதர் ஒவ்வொரு கூட்டத்தையும் எழுதியிருக்கிறார். அரிசி என்ன விலைக்கு வாங்கினோம், எந்தப் பையனுக்குக் கண்ணாடி, கழிப்பறைக் கதவுக்கு யார் பணம் கொடுத்தது என்பது வரை எல்லாம் இருந்தது. கொரோனா வருடத்தில்கூட ஐந்து பேர் மாடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கூட்டம் நடத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் எழுதி, பத்திரமாக வைத்து, எங்கேயும் கொடுக்காமல் இருந்திருக்கிறார். திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். பட்டியலில் ஒரு உறுப்பினருக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால் இருக்கிறது, பானிலோ அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. படிவம் அடிக்கும் முன்பே எல்லோருடைய ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளது உள்ளபடி அடியுங்கள். கொடுக்கிற எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மனு “வரவே இல்லை” என்று ஒரு வாரம் சாதித்தவர், சீல் போட்ட பிரதியைக் காட்டியதும் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

இதெல்லாம் முடிவதற்குள் சித்திரை போய் ஆடி வந்துவிட்டது. அதுவரை அரிசியும் பருப்பும் அண்ணாச்சி கடைக் கடனில் ஓடின. வார்டன் அக்காவும் சமையல்கார அம்மாவும் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். இந்த இடைவெளியில் இன்னொரு வம்பும் முளைத்தது. பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறவர்கள் வழக்கமாக எங்கள் கணக்குக்குப் பணம் அனுப்புவார்கள். அங்கே போட்டால் எடுக்க முடியாது என்று தெரிந்ததும், வார்டன் அக்கா நல்ல மனதோடு தன்னுடைய ஜிபே எண்ணைக் கொடுத்திருக்கிறார். காய்கறிக்கு உடனே பணம் கிடைத்தது உண்மை. ஆனால் சங்கத்தின் நன்கொடை ஒரு ஊழியரின் சொந்தக் கணக்கில் விழுந்தால், அதைச் சங்க வருமானமாக எழுதவும் ரசீது போடவும் எவ்வளவு பாடு என்று ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் கேளுங்கள். அவருடைய ஆறு மாத வங்கி அறிக்கையை எடுத்து, அவர் தங்கை அனுப்பிய சீட்டுப் பணத்தையும் பிறந்தநாள் பணத்தையும் பிரித்து, பென்சிலால் டிக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாவம், அந்த அக்கா அழுதுவிட்டார். அவரை யாரும் சந்தேகப்படவில்லை என்று எழுத்தில் ஒரு தீர்மானமே போட்டோம்.

இதற்கு நடுவில்தான் 2025 மே 31 வந்தது. 80ஜி (கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் அங்கீகாரம்) வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நிதியாண்டில் வந்த நன்கொடைகளை எல்லாம் வருமான வரித் தளத்தில் படிவம் 10பிடி-யில் (எண்கள் 2025-ல் இருந்தபடி) அந்தத் தேதிக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு தளத்திலிருந்து இறங்கும் 10பிஇ சான்றிதழ்தான் கொடையாளருக்கு வரிச்சலுகை வாங்கித் தரும், நம் ரசீது மட்டும் போதாது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். எங்களுக்கு என்ன சிக்கல் என்றால், தளத்தின் ஓடிபி காலமானவரின் கைபேசிக்குப் போகிறது. “அவரோட டிஎஸ்சி டோக்கன் எங்க டிராயர்லதான் சார் இருக்கு, இன்னும் காலாவதி ஆகலை, போட்டுடலாமா?” என்று ஆடிட்டர் அலுவலகத்தில் சாதாரணமாகக் கேட்டார்கள். டிஎஸ்சி என்றால் டிஜிட்டல் கையெழுத்து. ஜனவரியில் இறந்தவர் மே மாதம் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டதாகப் பதிவாகும்! உங்கள் இல்லத்து டோக்கன் யார் டிராயரில் கிடக்கிறது என்று இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மறுபடியும் அந்த மகன்தான். அப்பாவின் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்தார், காரணம் கேட்கவில்லை. அந்த எண்ணுக்கு வந்த ஓடிபியைக் கொண்டு தொடர்பு விவரத்தைப் புதிய செயலாளர் பெயருக்கு மாற்றி, அவர் பெயரில் புதிதாக டிஎஸ்சி எடுத்து, மே கடைசியில் 10பிடி ஏற்றினோம். மாற்றுவதற்குச் செயற்குழுத் தீர்மானம் போதுமாக இருந்தது, பதிவாளர் சான்று வேண்டியிருக்கவில்லை. இது எனக்கே ஆச்சரியம்.

ஏற்றும்போது பாதிப் பேருக்குப் பான் எண் இல்லை. ‘நலம்விரும்பி’, ‘பஸ் ஸ்டாண்ட் டெய்லர்’ என்றெல்லாம் ரசீதுப் புத்தகத்தில் இருந்தது. பானோ ஆதாரோ வாங்காமல் ரசீது எழுதவே கூடாது என்று இப்போது விதி வைத்திருக்கிறோம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி கிடையாது. அரிசி மூட்டை, போர்வை, ஃபேன் என்று பொருளாகக் கொடுப்பதற்கும் கிடையாது. புதிய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலை மாதம் ஃபோனில் திட்டு வாங்க வேண்டியிருக்காது. பத்து மூட்டை அரிசி கொடுத்த ஒரு மில்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவர் பெரிய தொகை அனுப்புகிறேன் என்றார். அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர். எங்களுக்கு வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு கிடையாது, அது இருந்தாலும் பணம் முதலில் டெல்லி பிரதானக் கிளை ஸ்டேட் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டோம். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வேறு, அது வெளிநாட்டு நிதி ஆகாது. யாரிடம் வாங்குகிறோம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள், இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் எங்கள் இல்லத்துக்கு உள்ள பதிவு நடப்பில் இருந்ததால் பிரச்சினை இல்லை. ஒரே ஒரு குட்டு. பிறந்தநாள் கேக்கோடு பிள்ளைகள் முகம் தெரிய எடுத்த படங்களை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் என்கிறது, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இப்போது சாப்பாடு போட வருகிறவர்களின் ஃபோன் வாசலில் ஒரு தட்டில் இருக்கும். சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

12ஏ (சங்க வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு, இப்போது 12ஏபி), 80ஜி புதுப்பிப்பும் அந்த வருடமே வந்தது. 2026 மார்ச் 31-ஓடு பதிவு முடிகிறவர்கள் ஆறு மாதம் முன்பே, அதாவது 2025 செப்டம்பர் 30-க்குள், 10ஏபி படிவம் போட வேண்டியிருந்தது. புதுச் செயலாளரின் டிஎஸ்சி கையில் இருந்ததால் சிக்கலில்லாமல் போட்டுவிட்டோம். சிறிய அமைப்புகளுக்கு 12ஏபி பதிவு இனி ஐந்துக்குப் பதிலாகப் பத்து வருடம் செல்லும் என்று 2025 நிதிச் சட்டம் சொல்லியிருப்பது பெரிய நிம்மதி. முந்தைய இரண்டு வருடமும் வருமானம் 5 கோடியைத் தாண்டாதவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். நாங்கள் அந்தக் கோடிக்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஆடி முடியும் முன் பதிவாளரின் சான்றிட்ட நகல் கிடைத்தது. வங்கியில் மறுநாளே மாற்றிக்கொடுத்தார்கள். முதல் காசோலை அண்ணாச்சிக்கு, அடுத்தது சம்பள பாக்கிக்கு. ‘செயலாளரே கணக்கை இயக்குவார்’ என்று பைலாவில் (சங்க விதிகளில்) இருந்ததை, ‘மூவரில் எவரேனும் இருவர்’ என்று மாற்றச் சிறப்புத் தீர்மானம் போட்டோம். அதற்கு வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். எங்களுக்கு எல்லோருமே கை தூக்கினார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி இல்லத்து ஃபோனில் போட்டிருக்கிறோம், எல்லா ஓடிபியும் அதற்குத்தான்.

ஒன்று மட்டும் பாக்கி. காலமான செயலாளர் வேறொரு வங்கியில் சங்கத்தின் மூலநிதியைத் தன் சொந்தப் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டிருக்கிறார், அந்தக் கிளையில் சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்க அப்போது ஏதோ சிரமமாம். மகன் அதையும் ஒரு ரூபாய் குறையாமல் எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். ஆனால் பல வருட வட்டிக்குச் செயலாளரின் பானில் டிடிஎஸ் (வட்டியிலேயே பிடிக்கும் வரி) பிடித்திருக்கிறார்கள். 37பிஏ விதிப்படி வரிப்பிடித்தத்தை உண்மையான உரிமையாளர் பெயருக்கு மாற்ற, வைப்புத்தொகை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வங்கிக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அவர் இல்லை. வாரிசு கொடுத்து எந்த வங்கியாவது ஏற்றுக்கொண்டிருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எங்கள் ஆடிட்டரும் கையை விரித்துவிட்டார்.