ஒன்றே முக்கால் லட்சம்

கடலூர் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் கணக்கைப் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-ல் வந்த பிறகு, ஒரு நிலையத்துக்கு ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் என்று அப்போது கணக்கு. நோயாளர் நலச் சங்கத்துக்கு ஒரு லட்சம், கட்டடப் பராமரிப்புக்கு 50,000, இன்னதற்கென்று ஒதுக்காமல் தேவைக்கேற்பச் செலவழிக்கும் ‘அன்டைடு’ நிதி 25,000. ராத்திரி பகலாகப் பிரசவம் பார்க்கும் நிலையத்துக்கும் அதே தொகை, எப்போதாவது ஒன்று பார்க்கும் நிலையத்துக்கும் அதே தொகை. எல்லாருக்கும் சமமாகத்தானே கொடுக்கிறோம் என்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவே இல்லை.

எங்கள் மாவட்டத்தின் தலைநகரம் கிழக்கு ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. கடலூர்க்காரர்கள் பஸ் ஏறினால் புதுச்சேரி, அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரி. திட்டக்குடி, வேப்பூர் பக்கத்துச் சனங்களுக்கு அது நாள் முழுக்கப் போகிற வேலை. கிழக்கே ஒரு நிலையம் சுமாராக நடந்தாலும் வேறு வழி உண்டு. மேற்கே அப்படி இல்லை. பணம் பிரிக்கும் தாளில் தூரத்துக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அதைவிடக் கொடுமை, போன வருடம் செலவழித்ததைப் பார்த்து இந்த வருடம் கொடுப்பது. மேற்கே ஒரு நிலையத்தில் டாக்டர் பணியிடம் காலி. செக்கில் கையெழுத்துப் போட ஆளில்லை, பணம் பேங்கிலேயே கிடந்தது. மார்ச்சில், எவ்வளவு செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்ததும் மீதியைக் காட்டி அடுத்த தவணையில் கழித்துவிட்டார்கள். அங்கிருந்த ஸ்டாஃப் நர்ஸ் போனில் சொன்னார்: “சார், பிரசவ ரூமுக்கு பல்பு என் காசுலதான் வாங்கிப் போட்டிருக்கேன். நீங்க பணம் தேவைப்படலன்னு எழுதுறீங்க.”

இங்கிலாந்திலும் பல காலம் பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்த லண்டன் பக்கமே பணம் அதிகம் போனது. 1976-ல் ஒரு குழு, மக்கள்தொகை, வயது, இறப்பு விகிதம் ஆகியவற்றை வைத்து வட்டாரங்களுக்குப் பிரிக்கச் சொன்னது. அதிலும் குறை உண்டு. சாகாமல் நோயோடு இழுத்துக்கொண்டிருப்பவர் இறப்புக் கணக்கில் வரமாட்டார். ஆனாலும் தேவை எங்கே என்ற கேள்வியை முதலில் கேட்டார்கள்.

நம் ஊரிலும் அப்புறம் நோயாளி எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுக்கலாம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் டாக்டர் இல்லாத இடத்துக்கு நோயாளி வரமாட்டார், ஓ.பி. (புறநோயாளி) எண்ணிக்கை தானாகக் குறையும், பணமும் குறையும். அப்படிப்பட்ட நிலையங்களுக்கு அந்தச் சுற்றுவட்டார மக்கள்தொகையையும் கர்ப்பிணிகள் எண்ணிக்கையையும் வைத்தே ஒதுக்க வேண்டும். எந்த ஊர்ப் பெண் எங்கே போய்ப் பிரசவித்தாள் என்பது கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் ‘பிக்மி’ பதிவில் ஏற்கெனவே இருக்கிறது; பட்ஜெட் போடும்போது அதை எடுத்துப் பார்த்தால் போதும்.