அனுபவச் சான்றிதழ்: சில நாட்குறிப்புகள்

2025 அக்டோபர் 9, வியாழன்

அடுத்த ஆண்டுக்கான ஓய்வூதியக் காப்பீட்டுச் சந்தாவைக் கணக்கிடும் சம்பள உச்சவரம்பை 1,01,400 யூரோவாக உயர்த்த ஜெர்மன் அமைச்சரவை நேற்று முடிவெடுத்திருக்கிறது. உள்ளூர்ச் செய்தியையே ஒழுங்காகப் படிக்காத நான், அந்த நாட்டு ஓய்வூதியச் செய்தியைத் தேடிப் படிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே போய் வேலை செய்வதற்கான ப்ளூ கார்டு அனுமதிக்கு என்னைப் போன்றவர்களிடம் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் இந்தத் தொகையில் 45.3 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் 45,934 யூரோ 20 சென்ட் வருகிறது. இந்த ஆண்டு அது 43,759 யூரோ 80 சென்ட்தான். என் ஒப்பந்தத்தில் 45,000 என்று எழுதியிருக்கிறது. டிசம்பர் 31 இரவு வரை நான் தகுதியுள்ளவன். மறுநாள் காலையில், தெரிந்த வேலை எதுவும் மறந்துபோகாமலேயே, தகுதியற்றவனாகி விடுவேன்.

அக்டோபர் 11, சனி

திருப்பூர் முதலாளி போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருந்து என்னுடன் பாலிடெக்னிக் படித்து, பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. முடித்த நண்பன் இன்று அழைத்தான். அவனும் ஜெர்மனிக்கு முயல்கிறான். வெளிநாட்டுக் கல்லூரிகளை ஜெர்மனி ஏற்கிறதா என்று காட்டும் அனாபின் தரவுத்தளத்தில் அவன் கல்லூரி 'எச் பிளஸ்', அதாவது ஏற்கப்பட்டது, என்று இருக்கிறதா என்பதே அவனுடைய ஒரே கவலை. பார்த்தான், இருந்தது, தூங்கப் போய்விட்டான். எனக்குத் தேடிப் பார்க்கக் கல்லூரியே இல்லை. 2023 நவம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கணினித் துறையில் இருப்பவருக்குப் பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று ஆண்டு அனுபவம், அதுவும் பட்டதாரி செய்யும் வேலைக்கு நிகரான அனுபவம், இருந்தால் போதும். படிக்கும்போது கதவு திறந்துவிட்டதாகத்தான் தோன்றியது. ஆனால் அனுபவத்துக்கும் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டியவர் போனை எடுக்க வேண்டும்.

இப்போதைய கோவை நிறுவனத்தில் சேர்ந்தது 2023 மே மாதம். மூன்று ஆண்டு ஆகவில்லை. குறைகிற மாதங்கள் திருப்பூரிலிருந்துதான் வர வேண்டும். அங்கே நான் எழுதிய மென்பொருளில் பனியன் ஏற்றுமதியாளர்கள் பில் போட்டார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, வரிக் கணக்கு முழுவதையும் மாற்றி எழுதிவிட்டு விடியற்காலையில் கடை திறந்ததும் டீ குடித்த நினைவு இன்னும் இருக்கிறது. என் வாழ்நாளில் செய்த கடினமான வேலை அதுவே; ஏழு ஆண்டுக் கணக்குக்கு வெளியே போய்விட்டதால் அதற்கு இப்போது மதிப்பில்லை. 2021 ஏப்ரலில் ஐம்பது கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானபோது எழுதியது மட்டும் கணக்கில் வரும். ஒவ்வொரு பில்லையும் அரசுத் தளத்துக்கு அனுப்பி, அது திருப்பித் தரும் 64 எழுத்து எண்ணையும் கியூஆர் குறியீட்டையும் பில்லில் அச்சிட வேண்டும். அந்த வேலையைச் செய்தவனுடைய பதவி, பி.எஃப். பதிவுக்காக முதலாளி கொடுத்த பட்டியலில், 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர்'.

அக்டோபர் 20, தீபாவளி

பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பெரிய மாமா கேட்டார்: "இன்ஜினியரிங் முடிக்காம எப்படி மாப்ளே வெளிநாடு?" டெக்சாஸில் இருக்கும் தன் மகனைப் பற்றிய பேச்சுக்கு அது முன்னுரை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த ஆண்டு அவருடைய குரலில் பழைய உரம் இல்லை. செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த நாளிலிருந்து அவர் வீட்டில் தூக்கமில்லை என்று அத்தை அடுக்களையில் சொன்னாராம். அமெரிக்கக் கணக்கில் மூன்று ஆண்டு அனுபவம் ஓர் ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்குச் சமம். நான்காண்டுப் பட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு உழைத்திருக்க வேண்டும். அதை மாமாவிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் அதிரசம் எடுத்துக்கொண்டேன்.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனி கணினிக்காரர்களுக்கென்று கிரீன் கார்டு கொண்டுவந்தபோதும் பட்டம் இல்லாதவருக்கு வழி இருந்தது: ஆண்டுக்கு ஒரு லட்சம் மார்க் சம்பளம் தர ஒரு நிறுவனம் முன்வர வேண்டும். பட்டம் இல்லையென்றால் சம்பளச் சீட்டு பேச வேண்டும் என்பது அன்றைக்கே இருந்த நியாயம்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஊரே உறங்குகிறது. 934 யூரோ 20 சென்ட்.

அக்டோபர் 27, திங்கள்

நேரில் போனேன். பழைய அலுவலகம் இருந்த மாடியில் இப்போது எம்பிராய்டரி யூனிட் ஓடுகிறது. முதலாளி தன் வீட்டு முன்னறையில், நூல் கமிஷன் வியாபாரத்துக்கான கணக்கு நோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வரவேற்பில் குறையில்லை, அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து மஞ்சள் படிந்த லெட்டர்பேடு ஒன்றை எடுத்துத் தூசி தட்டிவிட்டு, நான் நல்லொழுக்கம் உள்ளவன், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன் என்று எழுதித் தந்துவிடலாமா என்று கேட்டார். இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன நல்லது சொல்ல முடியும்? ஆனால் அவர்களுக்கு வேண்டியது என் ஒழுக்கம் அல்ல. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நிரல்மொழியில், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் எதையெல்லாம் வடிவமைத்தேன் என்பவை வேண்டும். நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த வரைவை அவர் இரண்டு முறை படித்தார். "எல்லாம் நிசந்தான் தம்பி. ஆனா பி.எஃப்.ல ஆபரேட்டர்னு இருக்குதே, நாளைக்கு யாராவது கேட்டா? ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

பயப்பட வேண்டியவர் அவர் என்பது பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 5, புதன்

சம்பளத்தை ஆயிரம் யூரோ உயர்த்தித் தர முடியுமா என்று, ஜெர்மனியில் எனக்கு வேலை தரவிருக்கும் லைப்சிக் அலுவலகத்துக்கு எழுதினேன். பேராசைக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அமைச்சரவைச் செய்தியின் இணைப்பையும் பெருக்கல் கணக்கையும் சேர்த்து அனுப்பினேன்.

நவம்பர் 12, புதன்

ஜெர்மன் மத்திய வேலைவாய்ப்பு முகமையின் முன் ஒப்புதல் வந்துவிட்டதாக லைப்சிக்கிலிருந்து தகவல். சம்பளத்தைப் பற்றி அந்த மின்னஞ்சலில் ஒரு சொல்கூட இல்லை.

இவள் வகுப்பிலிருந்து வந்ததும் ஜெர்மன் எண்களை உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு முன்கூட்டியே மொழித் தேர்வு தேவையில்லை என்று சொன்னேன். "அங்க போய் ஊமையா நிக்கறதுக்கா?" என்றாள். 27 மாதம் வேலை செய்தால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, மொழியில் பி1 நிலையை முடித்தால் 21 மாதம் என்பதால் படிக்க வேண்டியவன் உண்மையில் நான்தான்.

நவம்பர் 19, புதன்

சான்றிதழ் வந்தது! நான் எழுதிக் கொடுத்தபடியே, ஒரு வரி குறையாமல். ஆடிட்டர் புண்ணியவான்.

மாலையில் மறுபடி பார்த்தபோது, லெட்டர்பேடில் அச்சாகியிருப்பது எப்போதோ துண்டிக்கப்பட்ட லேண்ட்லைன் எண் என்பது கண்ணில் பட்டது. சரிபார்க்க அழைத்தால் யார் எடுப்பார்கள்? செல்போன் எண்ணைக் கையால் எழுதி, அதன் மேல் முத்திரை வைத்து மீண்டும் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். ரப்பர் ஸ்டாம்பில் மை காய்ந்துவிட்டதாம்.

நவம்பர் 30, ஞாயிறு

டிட்வா புயல் சென்னையை நோக்கி வருகிறது. எனக்கு வியாழக்கிழமை அங்கே விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். இலங்கையிலிருந்து வரும் படங்களைப் பார்த்த பிறகு, இந்தத் தேதியை நினைத்துக் கவலைப்பட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கவலைப்படுகிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

கொடுத்தாகிவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண் 'பட்டச் சான்றிதழ்' என்ற இடத்துக்கு நேரே பேனாவை நிறுத்தி, டிப்ளமோ மட்டும்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை; திருப்பூர்ச் சான்றிதழைத் தனியே எடுத்து, கட்டின் மேலே வைத்தார். அது நல்லதற்கா என்று திரும்பும் ரயிலில் காட்பாடி வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

லைப்சிக்கில் மனம் இரங்கிவிட்டார்கள். 46,200 யூரோ என்று திருத்திய ஒப்பந்த இணைப்பு வந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, தலையை ஆட்டினார்.

டிசம்பர் 18, வியாழன்

கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல். திருப்பூர் வேலைக்காலத்துக்குச் சம்பளம் பெற்றதற்கான ஆதாரம் வேண்டுமாம். பி.எஃப். பாஸ்புக்கில் மாதம் தவறாமல் பணம் ஏறியிருக்கிறது. பதவியின் பெயர் அதில் அச்சாகவில்லை என்பதை மூன்று முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். படிவம் 16 இரண்டு ஆண்டுகளுக்குத்தான் கையில் உள்ளது. மற்றவை ஆடிட்டரிடம் இருக்கும், அவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் பேசுவார். வங்கிக் கணக்கு விவரத்தை இவள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறாள், 2019 ஆகஸ்டில் மட்டும் சம்பளம் ரொக்கமாக