மாடி ஒழுகலுக்கு இன்சூரன்ஸ் க்ளைம் கிடைக்குமா?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு அடைமழை பெய்து ஓய்ந்தால் போதும், பெயிண்ட் கடையில் வெள்ளை கோட்டிங் வாளி காலியாகிவிடும். தட்டோட்டின் மேல் இரண்டு கை அடித்துவிட்டு இனி ஒழுகாது என்று நிம்மதியாக இருப்பார்கள், அடுத்த ஐப்பசியில் அதே மூலையில் சொட்டும். கோட்டிங்கைக் குறை சொல்லவில்லை. வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் பைப்பு வாய்க்கு ஓடாமல் மாடி நடுவிலேயே தேங்கி நின்றால் எந்த கோட்டிங்கும் தாங்காது, அவ்வளவுதான்.

எங்கள் ஏரியாவுக்கு உப்புக்காற்று வேறு. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது, துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளுகிறது. சீலிங்கில் கம்பி போகிற வாக்கில் பழுப்புக் கோடு தெரிந்து, கரண்டிக் காம்பால் தட்டினால் பொத்பொத்தென்று கேட்டால், கீழிருந்து கொத்திக் கம்பியைச் சுத்தம் செய்யாமல் மாடியில் என்ன அடித்தாலும் வீண்.

எங்கள் கொத்தனார் ஒளிவுமறைவு இல்லாத ஆள். “தம்பி, தட்டோட்டு இடுக்கை மட்டும் சுரண்டி அடைச்சா ரெண்டு மழை தாங்கும். தட்டோட்டைப் பேத்துட்டு செங்கல் ஜல்லி சுண்ணாம்பு மறுபடி போட்டா ரொம்ப நாளைக்கு வரும், ஆனா காசு இருக்கா?” என்றார். கடன் வாங்கிப் போட்டோம். பழைய வண்ணாரப்பேட்டையில் பெரியம்மா வீடு மெட்ராஸ் டெரஸ், தேக்குக் கட்டை மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது. அதன் தலையில் சிமென்ட் தளம் போடச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், பாரமும் ஏறும், ஈரமும் உள்ளேயே தங்கி கட்டை இற்றுப்போகும்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்று வீட்டுக்கான பொது பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டி வெடிப்பது, நிரம்பி வழிவது எல்லாம் அதில் உண்டு. கட்டடத்துக்குத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு, மனை விலை அதில் சேராது. ஆனால் வருஷக்கணக்காகக் கசிந்து ஓதம் ஏறிய சுவருக்குப் பணம் கேட்டால் தேய்மானம், பராமரிப்பு இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாடியில் போட்டிருந்த ஷீட் பறந்தது, அதை ஒட்டிய எங்கள் சுவரும் சரிந்தது. சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்ததும் ஷீட்டைப் பார்க்கவில்லை, நேராக சீலிங் கறையிடம் போய் விரலால் தேய்த்து, “இது பழசு சார்” என்றார். நல்லவேளை, மழைக்கு முன்பு மாடியை முழுசாக எடுத்த போட்டோ போனில் தேதியோடு இருந்தது. ஷீட்டுக்கும் சுவருக்கும் பணம் வந்தது. கறைக்கு வரவில்லை, அது நியாயம்தான்.

அதனால் புரட்டாசியிலேயே மாடி, பைப்பு வாய், ஷீட் போல்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். சேதமானால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள், மேலும் நனையாமல் தார்ப்பாய் போடலாம், ஆனால் உடைந்த ஷீட்டைச் சர்வேயர் பார்க்கும்வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள். க்ளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, இந்தப் புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.