நாஸ்கா பானையில் ஓர் ஓர்கா

படம் வரைந்து பிழைப்பவள் நான். எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் என் கண் முதலில் கோட்டைத்தான் தேடும்.

பெருவின் தலைநகர் லிமாவில் லார்க்கோ அருங்காட்சியகத்துக்குப் போனால் காட்சிக்கூடத்தோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே கிடங்கையும் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். அலமாரி அலமாரியாகப் பானைகள். பலரும் பெருவின் பழங்கால மோச்சே மக்கள் செய்த முகக் குடுவைகளிடம் மயங்கி நிற்பார்கள். என்னை நிறுத்தியவை நாஸ்கா பானைகள்.

பெருவின் தென்கரைப் பாலைவனத்தில் ஏறத்தாழ கி.பி. 1 முதல் 700 வரை செழித்தவர்கள் நாஸ்கா மக்கள். தரையில் வரைந்த பிரம்மாண்டக் கோட்டோவியங்களுக்காகத்தான் உலகம் அவர்களை அறியும். என்னைக் கேட்டால் அவர்களுடைய பெரிய சாதனை பானைதான். குயவர் சக்கரம் கிடையாது, எல்லாம் கையால் வனைந்தவை. அவர்களுக்கு முன்பிருந்த பாரகாஸ் மக்கள் சுட்ட பானைமீது பிசின் கலந்த வண்ணம் பூசினார்கள்; அது எளிதில் உதிரும். நாஸ்கா கலைஞர்கள் சுடுவதற்கு முன்பே நிறக் களிமண் குழம்பால் தீட்டி, தேய்த்து மெருகேற்றிச் சுட்டார்கள். சிவப்புக்கு இரும்புத் தாது, கறுப்புக்கு மாங்கனீசு. அந்த நிறங்கள் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன!

அப்புறம் ஒரு பானையில் அந்த ஓர்கா, அதாவது கொலையாளித் திமிங்கிலம். பல் தெரியத் திறந்த வாய், முதுகில் துடுப்பு, வெளுத்த வயிறு, அவ்வளவுதான். ஆனால் உடலிலிருந்து ஒரு மனிதக் கை நீண்டு, வெட்டிய தலையைப் பிடித்திருக்கிறது. கடலின் வலிமைமிக்க வேட்டைக்காரனைத் தெய்வமாக்க அந்த ஒரு கை போதுமாக இருந்திருக்கிறது. ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்டு) என்றால் நீண்ட அலகு, பாம்பாஸ் பூனை என்ற தென்னமெரிக்கக் காட்டுப்பூனை என்றால் மீசை. எதை வைத்தால் விலங்கு தெரியுமோ அதை மட்டும் வைத்து, தட்டையான நிறத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்திருக்கிறார்கள். வளைந்த பரப்பில், தயங்காத கோடு. இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது தூரிகை பிடித்தவர்களுக்குத் தெரியும்.

பிற்காலப் பானைகளில் கதிர்களும் சுருள்களும் பெருகி, விலங்கையே தேட வேண்டியிருக்கிறது. ஆய்வாளர்களுக்கு அவையும் முக்கியம், சரி. என் மனம் முற்கால ஓர்காவிடம்தான் நிற்கிறது.

லார்க்கோ தன் சேகரிப்பின் பட்டியலை இணையத்திலும் படங்களோடு வைத்திருக்கிறது. லிமா போக முடியாதவர்கள் அதில் நாஸ்கா பகுதியைத் திறந்து, பறவைகளின் அலகுகளை மட்டுமாவது பாருங்கள்.